நால்வர் கேட்ட ஒரே கேள்வி

பார்ம்.டி. ஆறு வருடப் படிப்பு. ஐந்தாம் வருடத்தில் பாடங்களோடு புராஜெக்டும் உண்டு. ஆறாம் வருடம் முழுக்க இன்டர்ன்ஷிப். இந்தப் படிப்பை இந்தியாவில் கொண்டுவந்த 2008ஆம் ஆண்டு விதிமுறைகள் புராஜெக்டைப் பற்றித் தெளிவாகச் சொல்கின்றன. இரண்டு பேருக்குக் குறையாமல், நான்கு பேருக்கு மேற்போகாமல் குழுவாகச் செய்ய வேண்டும். தலைப்பு நோயாளியையும் அவர் பெறும் சிகிச்சையையும் சார்ந்ததாக இருக்க வேண்டும். எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் வேண்டும். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என்று மூன்று செமினார் கொடுக்க வேண்டும்.

ஏன் குழுவாக என்று விதிமுறை விளக்கவில்லை. அந்த வருடம் எனக்கு விளக்கியது. மருந்தைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு ஆள் போதும். தெரிந்ததை, மருந்து சாப்பிடுகிறவரிடமும் அதை எழுதித் தருகிறவரிடமும் பயன்படும்படி கொண்டுபோய்ச் சேர்ப்பது தனித் தொழில். அதைப் பலர் சேர்ந்துதான் பழக முடியும். நான் பழகிய விதத்தைப் பின்னால் வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் நான்கு பேர், இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். எல்லாரும் தென்மாவட்டத்துக்காரர்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எங்கே, எதனால் விட்டுவிடுகிறார்கள், உட்கார்ந்து எடுத்துச் சொன்னால் அது மாறுகிறதா என்பது எங்கள் தலைப்பு. நீண்டகால நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே ஏறத்தாழ பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் ஒரு அறிக்கையில் சொன்னது. நம் ஊர் ஓ.பி.யில் அந்தப் பாதி யார், மீதி யார் என்று நாங்கள் தெரிந்துகொள்ள நினைத்தோம்.

எங்கள் கைடு மேடம் எடுத்த எடுப்பில் படிவத்தைக் கையில் தரவில்லை. “போய் மருந்து கவுன்டர் பக்கத்துல நில்லுங்க. யாரையும் எதுவும் கேக்க வேணாம். காதைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னாப் போதும்” என்றார். அப்படியே சில நாட்கள் நின்றோம். வரிசை நகரும் வேகத்தில் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று பார்த்தோம். பார்மசிஸ்ட் “காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு” என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சீட்டு உள்ளே வந்துவிடும். அட்டையை வெட்டித் தரும்போது சில துண்டுகளில் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் இல்லாமல் போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மாத்திரையை நிறத்தால் அடையாளம் வைத்திருந்தார்கள். இந்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வந்து நிறம் மாறிவிட்டால், வீட்டில் மிச்சமிருக்கும் பழையதையும் புதியதையும் இரண்டு மருந்து என்று நினைத்துச் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் இருந்தார்கள். நாங்கள் வகுப்பில் படித்த எந்தப் பாடத்திலும் மாத்திரையின் நிறம் ஒரு காரணமாக வந்ததில்லை. எங்கள் படிவத்தில் அது ஒரு தனிக் கேள்வியாக இடம்பெற்றது, அந்தக் கவுன்டர் ஓரத்தில் நின்றதால்தான்.

அடுத்து, கேள்வி கேட்கும் கலை. “‘மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா’ன்னு கேட்டா யாருப்பா இல்லைன்னு சொல்லுவா?” என்று மேடம் கேட்டார். நோயாளி நம்மைக் கோட்டு போட்ட ஆளாகப் பார்க்கிறார். திட்டு விழுமோ என்ற பயம் இருக்கிறது. எதிரே இருப்பவர் மனம் நோகக் கூடாது என்ற மரியாதையும் இருக்கிறது. மூன்றும் சேர்ந்து அவரைத் தலையாட்ட வைக்கும். 1986இல் மோரிஸ்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட நான்கு கேள்விக் கருவி இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறது. அதில் “ஆமாம்” என்று சொல்வதுதான் மருந்து விட்டுப்போவதைக் காட்டும் பதில். மறப்பதுண்டா, உடம்பு தேறினால் நிறுத்துவதுண்டா என்ற வகையில் கேள்விகள் போகும். தலையாட்டுகிற பழக்கம் உண்மையை மறைக்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

நாங்கள் அதிலிருந்து பழகிக்கொண்டது, கேள்விக்கு முன்னால் ஒரு வாசல் திறந்துவைப்பது. “நிறையப் பேருக்கு வேலை, வெளியூர்னு நடுவுல சில நாள் விட்டுப் போயிடுது. உங்களுக்குப் போன வாரத்துல எந்தெந்த நாள் அப்படி ஆச்சு?” என்று கேட்டோம். “போன வாரம்” என்று காலத்தைச் சுருக்கியது முக்கியம். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். செவ்வாய்க்கிழமை காலையில் என்ன நடந்தது என்று கேட்டால் நடந்தது வரும்.

கேள்வி ஒன்றாக இருந்தாலும், நான்கு வாய் கேட்டால் நான்கு கேள்வியாகிவிடும் ஆபத்து உண்டு. அதற்கு மேடம் வைத்திருந்த வழி எளிமையானது, கடுமையானது. ஒருவர் நோயாளியிடம் பேச, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகப் படிவத்தை நிரப்ப வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மெய்யான ஒப்புதல் எவ்வளவு என்று அளக்க, ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த கப்பா என்ற அளவையை அப்போதுதான் கையால் கணக்கிட்டுப் பழகினோம்.

எண்ணைவிட அதையொட்டி நடந்த விவாதம் அதிகம் கற்றுத்தந்தது. ஒரு பெரியவர், “பேத்தி சடங்குக்கு ஊருக்குப் போயிட்டேன், மாத்திரையை எடுத்துட்டுப் போகலை” என்றார். ஒருவர் அதை “மறதி” என்று குறித்தார். இன்னொருவர் “மருந்து கைவசம் இல்லை” என்று குறித்தார். இரண்டும் சரிதான். ஆனால் மறதிக்கு நாம் சொல்லும் ஆலோசனை வேறு, கைவசம் இல்லாததற்குச் சொல்வது வேறு. கடைசியில், மாத்திரையைப் பற்றிய நினைவே வராமல் போனால் மட்டும் மறதி என்றும், நினைவு வந்தும் எடுக்க முடியாமல் போனால் கைவசம் இல்லை என்றும் முடிவு செய்தோம். அதைத் தெரிந்துகொள்ள “அங்க இருந்தப்ப மாத்திரை ஞாபகம் வந்துச்சாய்யா?” என்று ஒரு கிளைக் கேள்வியும் சேர்ந்தது. இப்படி ஒவ்வொரு சந்தேகத்துக்கும் எடுத்த முடிவை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினோம். ஆய்வு முடிந்தபோது அந்த நோட்டுதான் எங்கள் நால்வரின் பொது அறிவாக இருந்தது.

ஒப்புதல் வாங்குவதையும் தொழிலின் பகுதியாகவே கற்றோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள்படி, ஆய்வில் சேருகிறவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் படித்துக்காட்டிக் கைரேகை வாங்க வேண்டும். நாங்கள் தயாரித்த விளக்கத் தாளில் ஒரு வரியைத் தவறாமல் நிறுத்திப் படிப்போம்: “நீங்கள் மாட்டேன் என்று சொன்னாலும் உங்களுக்குக் கிடைக்கும் மாத்திரையில், வைத்தியத்தில் எந்த மாற்றமும் இருக்காது.” அதைக் கேட்டபின் ஒரு அம்மா, “அப்ப எனக்கு வேணாம் தாயி, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று எழுந்து போனார். மேடம் எங்களைப் பார்த்து, “அவங்க போனது நீங்க சரியா விளக்கியிருக்கீங்கங்கிறதுக்கு அடையாளம்” என்றார். மறுக்கும் சுதந்திரம் மெய்யாகவே இருந்தால்தான் சம்மதத்துக்கு மதிப்பு என்பதை அந்த அம்மா காட்டிவிட்டுப் போனார்.

சேர்ந்தவர்கள் சொன்ன காரணங்கள் எங்களை வேறு ஆட்களாக மாற்றின. சர்க்கரை அளவு சரியாக வந்துவிட்டது என்று கேட்டதும் நோயே போய்விட்டதாக எண்ணி நிறுத்தியவர்கள் இருந்தார்கள். விரத நாளில் சாப்பாட்டோடு மாத்திரையையும் விட்டவர்கள் இருந்தார்கள். சாப்பாட்டை மட்டும் விட்டு மாத்திரையை எடுத்தவர்களும் இருந்தார்கள். கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு இது ஆபத்தானது, சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் சிலர், சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையை வேலை நாளில் வேண்டுமென்றே தவிர்த்தார்கள். வேலை நடக்கும் கண்மாய்க் கரையில் ஒதுங்க மறைவிடம் இல்லை. அவர்களை “ஒத்துழைக்காத நோயாளி” என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட முடியும். அவர்கள் செய்தது அவர்களுடைய நாளுக்குப் பொருந்தும் ஒரு முடிவு. மருந்து சாப்பிடும் நேரத்தை டாக்டரிடம் பேசி மாற்ற முடியுமா என்று பார்ப்பதுதான் நம் வேலை. இந்தக் காரணத்தை எங்கள் குழுவின் பெண்களிடம்தான் அவர்கள் சொன்னார்கள். அதுபோல, குடிக்கிற அன்று மாத்திரையை நிறுத்துவதை ஆண்கள் எங்கள் குழுவின் ஆண்களிடம் சொன்னார்கள். நால்வர் சேர்ந்து செய்ததன் பலனை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கண்டதில்லை.

குழுவாக யோசிப்பதன் கடினமான பக்கத்தை ஒரு இருமல் கற்றுத்தந்தது. ரத்த அழுத்தத்துக்கு எனலாபிரில் எடுத்துவந்த ஒரு அம்மாவுக்கு வாரக்கணக்கில் வறட்டு இருமல். இருமலுக்குத் தனியாக டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். இந்த வகை மாத்திரைகள் உடம்பில் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதையவிடாமல் தேக்குவதால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். பாதிப்புக்கு மருந்துதான் காரணமா என்று மதிப்பிட நரான்ஜோ அளவுகோல் உண்டு. 1981இல் வெளிவந்தது, பத்துக் கேள்விகள் கொண்டது. நாங்கள் நால்வரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் தனித்தனியே மதிப்பெண் போட்டோம். மூவருக்கு 5 வந்தது, “அநேகமாக மருந்தால்”. ஒருத்திக்கு மட்டும் 2, “இருக்கலாம்” என்ற அளவு.

வித்தியாசம் ஒரே கேள்வியில் இருந்தது: இந்தப் பாதிப்புக்கு வேறு காரணம் இருக்க முடியுமா? மூவரும் இல்லை என்று 2 மதிப்பெண் போட்டிருந்தோம். அவள் இருக்கிறது என்று 1 கழித்திருந்தாள். “அந்தம்மா விறகு அடுப்புலதான் சமைக்கிறாங்க. புகை காரணமா இருக்கலாம்ல?” என்றாள். மூன்றுக்கு ஒன்று என்று கை தூக்கி முடித்திருக்கலாம். மேடம் விடவில்லை. “பதில் உங்க நாலு பேர்கிட்டயும் இல்ல, அந்தம்மாகிட்ட இருக்கு” என்று திருப்பி அனுப்பினார். போய்க் கேட்டோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விறகு அடுப்புதான், இருமல் வந்ததோ இந்த மாத்திரை தொடங்கிய பிறகுதான் என்றார். நெஞ்சு எக்ஸ்ரே தெளிவாக இருந்ததைக் கேஸ் ஷீட்டில் பார்த்தோம்.

இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்பது அடுத்த பாடம். ரவுண்ட்ஸில் நமக்குக் கிடைப்பது அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்கு மேடம் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்: யார், என்ன கண்டோம், அதற்கு என்ன ஆதாரம், என்ன செய்யலாம் என்று கேட்கிறோம். “சார், இந்தம்மாவுக்கு எனலாபிரில் ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் வறட்டு இருமல். காய்ச்சல் இல்ல, எக்ஸ்ரே கிளியர். நரான்ஜோ அஞ்சு வருது. லோசார்ட்டன் மாத்தறதைப் பத்தி யோசிக்கலாமா சார்?” எங்கள் முடிவை அவர் மேல் திணிக்காமல், ஆதாரத்தை அவர் கையில் வைத்துவிட்டுக் கேட்பதுதான் முறை. அவர் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்து மாற்றி எழுதினார். அடுத்தடுத்த வாரங்களில் இருமல் நின்றது. விறகு அடுப்பு அப்படியேதான் இருந்தது. மருந்தை நிறுத்தியதும் குறைந்ததற்கு இன்னொரு மதிப்பெண் சேர்ந்து 6 ஆனது. சந்தேகப்பட்ட தோழி தன் தாளைத் தானே திருத்தினாள். அவள் சந்தேகப்படாமல் இருந்திருந்தால் எங்கள் மூவரின் 5 வெறும் ஊகமாகவே நின்றிருக்கும்.

அதோடு வேலை முடியவில்லை. மருந்துப் பாதிப்பு அறிக்கைப் படிவத்தை நிரப்பினோம். இந்தியாவில் 2010இல் தொடங்கி, 2011 முதல் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் பொறுப்பில் நடக்கும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அது போகிறது. நோயாளியை அடையாளம் காட்டும் குறியீடு, நேர்ந்த பாதிப்பு, சந்தேகிக்கும் மருந்து, அறிக்கை தருபவர் விவரம் ஆகிய நான்கும் இருந்தால்தான் அறிக்கை செல்லும். அங்கிருந்து சுவீடனில் உப்சாலா மையம் பராமரிக்கும் உலகத் தரவுத்தொகுப்பில் சேர்கிறது. தெரிந்த பாதிப்புதானே என்று விட்டுவிடக் கூடாது. எத்தனை பேருக்கு, யாருக்கு வருகிறது என்ற கணக்கு இப்படி ஒவ்வொரு தாளாகத்தான் உருவாகிறது.

நோயாளிக்கு எடுத்துச் சொல்லும் கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. 2015ஆம் ஆண்டு மருந்தாளுநர் தொழில் விதிமுறைகள் இதை மருந்தாளுநரின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கின்றன. இங்கே மேடம் ஒரே விதியை வலியுறுத்தினார். “புரிஞ்சுதா” என்று கேட்கக் கூடாது. சொன்னதை அவர்களையே திரும்பச் சொல்லவோ செய்துகாட்டவோ வைக்க வேண்டும். அதுவும் அவர்களுக்குப் பரீட்சை வைப்பதுபோல் இருக்கக் கூடாது. “நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும்மா. வீட்டுக்குப் போய் மருமககிட்ட எப்படிச் சொல்லுவீங்க, சொல்லுங்க” என்பேன். பெரும்பாலும் என்னைவிட அழகாகவே சொன்னார்கள்.

இன்சுலின் போடுகிறவர்களிடம் இந்த முறையின் அருமை வெளிப்படும். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் புழங்குகிறது, 100 யூனிட் உள்ளதும் புழங்குகிறது. சிகப்பு மூடி ஊசி 40க்கு உரியது, ஆரஞ்சு மூடி ஊசி 100க்கு உரியது. 40 யூனிட் குப்பி மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். 100 யூனிட் குப்பி மருந்தைச் சிகப்பு மூடி ஊசியில் அதே கோடு வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும், உயிருக்கே ஆபத்து. “குப்பியையும் ஊசியையும் கொண்டுவாங்கய்யா, என் முன்னாடி இழுத்துக் காட்டுங்க” என்று சொல்லிப் பார்த்தால் ஒழிய இது வெளியே தெரியாது. வாயால் கேட்டால் “இருபது போடுறேன்” என்பார். அவர் சொல்வது உண்மையும்கூட. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் குப்பியை வைப்பது எப்படி என்பதையும் அவர்களோடு பேசித்தான் முடிவு செய்தோம்.

இறுதியில் எழுத்து. அறிக்கையை நால்வரும் துண்டு துண்டாகப் பிரித்து எழுதி ஒட்டலாம். மேடம் அதற்கு இடம் தரவில்லை. ஒவ்வொரு பகுதியையும் ஒருவர் எழுத, மற்ற மூவரும் திருத்த வேண்டும். பெயர் போடுகிற ஒவ்வொருவரும் முழு ஆய்வுக்கும் பதில் சொல்லக் கூடியவராக இருக்க வேண்டும் என்பது மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நிபந்தனைகளில் ஒன்று. மேடம் அதைச் செமினாரில் நடைமுறைப்படுத்தினார். புள்ளிவிவரம் போட்டவனிடம் ஒப்புதல் படிவத்தைப் பற்றிக் கேட்பார். வார்டில் பேசியவளிடம் கப்பாவைப் பற்றிக் கேட்பார். எங்கள் ஆலோசனையால் மாறாதவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிய பகுதியைச் சுருக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, நால்வரும் சேர்ந்து அதை முழுமையாகவே வைத்தோம். செலவுக்குப் பணமில்லாதவரிடமும், துணைக்கு ஆளில்லாத முதியவரிடமும் பேச்சு மட்டும் போதாது என்பதை அந்தப் பகுதிதான் சொல்கிறது. வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்த் தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இல் ஏன் தொடங்கப்பட்டது என்பது அந்தப் பக்கங்களை எழுதும்போது எனக்கு நன்றாகப் புரிந்தது.

மூன்றாவது செமினாரைக் கல்லூரியில் தேர்வாளர்கள் முன் கொடுத்தோம். பிறகு அதையே சுருக்கி, மருந்து கவுன்டரில் வேலை பார்ப்பவர்களுக்கும் வார்டு சிஸ்டர்களுக்கும் பி.ஜி. டாக்டர்களுக்கும் சொல்ல மேடம் ஏற்பாடு செய்தார். அங்கேதான் கூர்மையான கேள்விகள் வந்தன. மாத்திரையின் நிறம் மாறுவதைப் பற்றிச் சொன்னதும், மூத்த பார்மசிஸ்ட் ஒருவர், “இனிமே நிறம் மாறுற மாசம், ‘இது பழைய மாத்திரைதான், கம்பெனிதான் வேற’ன்னு சொல்லித் தர்றோம்” என்றார். அட்டையை வெட்டும்போது பெயர் இருக்கும் பக்கத்தை விட்டு வெட்டவும் ஒப்புக்கொண்டார்.

கல்லூரிகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். புராஜெக்ட் அறிக்கைகள் கெட்டி அட்டை போட்டு நூலகத்துக்குப் போகின்றன. அதோடு முடிந்துவிடக் கூடாது. தகவல் தந்த வார்டுக்கும் கவுன்டருக்கும் நோயாளிகளுக்கும் முடிவைத் திரும்பச் சொல்லும் கூட்டத்தை மதிப்பெண்ணோடு கட்டாயமாக்க வேண்டும். எங்கள் முடிவுக் குறிப்பு நோட்டை அடுத்த ஐந்தாம் வருடக் குழுவுக்குக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் நாங்கள் விட்ட இடத்தில் தொடங்கட்டும். எங்கள் கேள்விகளில் பொருந்தாததை மாற்றட்டும், மாற்றியதற்கான காரணத்தையும் தேதி போட்டு எழுதட்டும். ஆண்டுதோறும் புதுத் தலைப்பு தேடுவதைவிட, ஒரே ஓ.பி.யில் ஒரே கேள்வியைப் பல குழுக்கள் தொடர்ந்து கேட்டால், அந்த ஊர் நோயாளிகளுக்கு அதனால் கிடைக்கும் நன்மை பெரிது என்று உறுதியாக நம்புகிறேன்.